ஈரப் புல்லில் ஒரு கால்

கோரின் ஹாஸ்கெல் கடலோரத்தில் இருக்கிற எங்கள் டில்லமுக் ஊரில் இருபத்தேழு வருடம் தபால் கொடுத்தவள். ஓய்வு பெற்ற மறு வாரமே, ஒரு பால்பண்ணைக் கொட்டகையில் கோழி எச்சத்துக்கு நடுவே கிடந்த பழைய அலுமினிய டிரெய்லரை விலைபேசி, காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். 1961இல் செய்த வண்டி. கட்டிலும் அடுப்பும் உள்ளேயே இருக்கும், சக்கரம் வைத்த சின்ன வீடு. அதைச் சரிசெய்து, கரையோரமாகவே தெற்கே போகவேண்டும் என்பது அவள் ஆசை.

அவளோடு ஒரே வீட்டில் இருந்தவள் அக்கா வில்மா. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் காலம் தள்ளியவள். அவளுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது.

"என்னடி இது, யாரோ தின்னுட்டுத் தூக்கிப்போட்ட மீன் டப்பா?"

"உள்ள வந்து பாருக்கா."

"எலி மூத்திர நாத்தம் வாசல் வரைக்கும் வருது. நீயே குடித்தனம் பண்ணு."

சொன்னாளே தவிர, தினமும் மதியம் தங்கைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அங்கேதான் போவாள். வாசல் பக்கத்துக் கைப்பிடியை இறுகப் பிடித்து, கனத்த உடம்பை ஒரே மூச்சில் மேலே ஏற்றி, உட்கார்ந்து பத்து நிமிடம் குறை சொல்லிவிட்டுத் திரும்புவாள்.

நான் மின்வேலை செய்கிறவன். அவர்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறேன். கோரின் என்னைக் கூப்பிடவில்லை. எல்லாவற்றையும் தானே செய்யவேண்டும் என்ற பிடிவாதம் அவளுக்கு. குறை சொல்ல முடியாது, நன்றாகவே செய்தாள். மக்கிப்போன தரையைப் பெயர்த்துப் புதுப் பலகை அடித்தாள். ஒழுகின இடமெல்லாம் அடைத்தாள். அந்த வண்டிகளுக்கு உள்சுவரும் அலுமினியத் தகடுதான். வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவில் மின்கம்பிகள் ஓடும். உள்தகடுகளைக் கழற்றிக் கழுவி, ஒவ்வொன்றாகத் துளைபோட்டு, தகட்டோடு தகட்டை இறுக்குகிற ரிவிட் ஆணி அடித்து மாட்டிக்கொண்டே வந்தாள். ஏப்ரல் கடைசியில் ஒரே ஒரு தகடு மிச்சம். வீட்டுக் கார்கூடத்திலிருந்து வரும் மின்கம்பி வண்டிக்குள் நுழைகிற மூலை அது.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணி சுமாருக்கு அந்தத் தகட்டில் நாலாவது துளை போட்டபோது, மேலே தொங்கின விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. கோரின் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி ஒன்றும் ஆகவில்லை. ரிவிட்டை அடித்து இறுக்கிவிட்டு அடுத்த துளைக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வெளியே திரிந்த அவர்கள் நாய் ஜிப்பர் நனைந்துகொண்டு ஓடிவந்து, வண்டியின் இரும்புப் படியில் முன்கால் வைத்தது. வைத்த வேகத்தில் வீலென்று கத்தி, யாரோ உதைத்துத் தள்ளினமாதிரி பின்னால் போய் விழுந்தது. எழுந்து, வாலை இடுக்கிக்கொண்டு வேலியோரம் ஓடிப்போய் ஒடுங்கி நின்றது.

குளவி கொட்டியிருக்கும் என்று நினைத்தாள் கோரின். "என்னடா செல்லம், இங்க வா" என்று கூப்பிட்டுக்கொண்டே கைப்பிடியைப் பிடித்து, படியில் ஒரு கால், புல்லில் ஒரு கால் வைத்தாள்.

அது எப்படி இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னாள். வலி என்று முதலில் தெரியவில்லையாம். கை தன் பேச்சைக் கேட்கவில்லை என்பதுதான் தெரிந்ததாம். விரல்கள் தாமாகக் கைப்பிடியைக் கவ்விக்கொண்டன. நெஞ்சு இறுகி மூச்சு நின்றது. கத்த வாய் திறந்தும் சத்தம் வரவில்லை. புல்லில் இருந்த கால் தானாகவே வெட்டி இழுத்து மேலே எழும்பியதால் பிழைத்தாள். கால் மண்ணை விட்டதும் கையும் விட்டது. வண்டிக்குள் மல்லாக்க விழுந்தாள்.

பலகைத் தரையில் அப்படியே கிடந்தாள். சுற்றிலும் பளபளவென்று தகடு. காலையிலிருந்து தொட்டும் சாய்ந்தும் வேலைசெய்த சுவர்தான். இப்போது கையையும் காலையும் ஒடுக்கிக்கொண்டு, எதிலும் படாமல் நடுவில் சுருண்டாள்.

விளக்கு அணைந்து எரிந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ரிவிட் கம்பியைக் குத்தியிருக்கிறது. வண்டியின் உடம்பு முழுக்க மின்சாரம். உள்ளேயே இருக்கிறவரைக்கும் ஒன்றும் செய்யாது, கம்பியில் காக்கை உட்கார்ந்திருப்பது போல. வண்டியில் ஒரு கை, ஈர மண்ணில் ஒரு கால் என்று ஆனால்தான் ஆள் காலி.

தவழ்ந்துபோய், சுவரில் இருந்த மெயின் பெட்டியை அணைத்தாள். விளக்கு போயிற்று. அது போதுமா என்று தெரியவேண்டுமே. கருவிப் பெட்டியில் மின்சாரம் இருந்தால் எரிகிற, இரண்டு கம்பி நீட்டின சின்ன டெஸ்டர் ஒன்று இருந்தது. ஒரு முனையை நீளக் கம்பியோடு முறுக்கி வாசலுக்கு வெளியே புல்லில் விழும்படி வீசினாள். இன்னொரு முனையைக் கதவுச் சட்டத்தில் வைத்தாள். டெஸ்டரில் ஆரஞ்சு வெளிச்சம் நிலையாக எரிந்தது.

பெட்டிக்கு வருவதற்கு முன்னாலேயே கம்பி குத்துப்பட்டிருக்கிறது. கார்கூடத்துச் சுவரில் இருக்கிற பிளக்கை யாராவது பிடுங்கினால்தான் இது அடங்கும். கைபேசி வீட்டுச் சமையலறையில்.

அந்த நேரம் வீட்டின் பின்கதவு திறந்தது.

வில்மா வந்தாள். தலையில் மழைத்துணி, ஒரு கையில் மூடிபோட்ட பாத்திரம், காலில் வீட்டுக்குள் போடுகிற துணிச் செருப்பு. மழையில் கெட்டுப்போகும் என்று காதுமிஷினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவள் எப்போதும் வெளியே வருவாள். அது இல்லாவிட்டால் அவளுக்கு இடியும் கேட்காது.

"அக்கா, வராத! தொடாத! அங்கயே நில்லு!"

வில்மா தலை நிமிர்ந்தாள். தங்கை வாசலில் நின்று கையை ஆட்டுவது தெரிந்தது. "வர்றேன்டி, வர்றேன். பசி தாங்கலையோ" என்று சிரித்துக்கொண்டே நடையை எட்டிப் போட்டாள்.

கதவைச் சாத்தலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சாத்தினால் வெளிப்பக்கப் பிடியைத் தொடுவாள். கோரின் கைக்கு அகப்பட்டதையெல்லாம் எடுத்து வீசினாள். மெத்தையைப் போட்டாள், துடைக்கிற துணியைப் போட்டாள், ரிவிட் டப்பாவையே தூக்கி அக்காவின் காலடியில் எறிந்தாள். ரிவிட்டுகள் புல்லெல்லாம் சிதறின.

வில்மா நின்றாள். முகம் சிவந்துவிட்டது. "சோறு கொண்டுவந்தா கல்லால அடிக்கிறியா? உனக்கு மட்டிச் சிப்பிச் சூப்பு வேணும்னு காலைல இருந்து அடுப்புல நிக்கிறேன். இரு, உள்ள வந்து பேசிக்கிறேன்." முன்னைவிட வேகமாக வந்தாள். கைப்பிடிக்கும் அவளுக்கும் பத்தடிகூட இல்லை.

குதிக்கவேண்டும். எதையும் பிடிக்காமல், இரண்டு காலும் ஒன்றாக மண்ணில் படும்படி. கோரினுக்கு அது தெரியும். தெரிந்தும் கால் அசையவில்லை. சற்றுமுன் நெஞ்சை இறுக்கியது எதுவோ அது கீழே புல்லில் படுத்துக் காத்திருக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. வில்மாவின் கை நீண்டுவிட்டது.

கண்ணை மூடிக்கொண்டு குதித்தாள்.

அக்காவின் மேலேயே போய் விழுந்தாள். இருவரும் சேற்றில் உருண்டார்கள். பாத்திரம் பறந்து, சூடான சூப் கோரினின் கழுத்தில் கொட்டியது. வில்மா மூச்சு வாங்க, என்ன ஏதென்று தெரியாமல், எழுவதற்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் பிடிக்கக் கையை நீட்டினாள். பக்கத்தில் இருந்தது வண்டியின் படி.

கோரின் அந்தக் கையைப் பல்லால் கடித்தாள்.

வில்மா ஓங்கி ஒரு அறை விட்டாள். "பைத்தியம் பிடிச்சிருக்காடி உனக்கு?"

கோரின் விடவில்லை. அக்காவின் இடுப்பைக் கட்டிப் பிடித்து, சேற்றோடு சேறாக இழுத்தாள். ஐந்தடி, பத்தடி, கார்கூடத்து வாசல்வரை. உள்ளே ஓடிப்போய், கம்பியைப் பிடித்து ஒரே இழுப்பில் பிளக்கைப் பிடுங்கினாள். பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பிளக்கில் எர்த் பின் இல்லை. கார்கூடத்துச் சாக்கெட் பழையது, இரண்டே ஓட்டை. பிளக் பொருந்தவில்லை என்று மார்ச்சில் கோரினே இடுக்கியால் அந்தப் பின்னை முறித்துப் போட்டிருந்தாள். அது இருந்து, சாக்கெட்டும் ஒழுங்காக இருந்திருந்தால், ரிவிட் குத்தின அந்த நொடியே ஃப்யூஸ் போயிருக்கும்.

வில்மா காதுமிஷினை மாட்டிக்கொண்டு வந்தபின் கோரின் எல்லாவற்றையும் சொன்னாள். பின்னை முறித்ததையும் மறைக்கவில்லை. வில்மா கடிபட்ட கையைத் தடவிக்கொண்டு கேட்டாள்.

"நான் பிடிச்சிருந்தா?"

"போயிருப்பக்கா."

இரண்டு பேரும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்ததை, சாயங்காலம் அவர்கள் கூப்பிட்டுப் போனபோது நான் பார்த்தேன்.

மறுநாள் அந்த நாலாவது ரிவிட்டைக் கழற்றினேன். பின்னாலிருந்த கம்பியின் தோல் கிழிந்து, செம்பு பளிச்சென்று தெரிந்தது. கோரின் எட்டி நின்றே பார்த்தாள்.

"இதை வித்துடறேன் ஆன்செல். பார்க்கவே முடியல."

"யாருக்கு விப்ப?" என்றாள் வில்மா. "வாங்கறவனுக்கு வீட்ல ஆளுங்க இருக்க மாட்டாங்களா? எல்லாத்தையும் பிரிச்சு, இவர் சொல்ற மாதிரி திரும்பப் போடு. அப்புறம் வித்தா வித்துக்க."

மே, ஜூன் இரண்டு மாதமும் அதற்கே போயிற்று. ஒரு கம்பி விடாமல் மாற்றினோம். கார்கூடத்தில் புதுச் சாக்கெட் வைத்தேன், கசிவு வந்தால் கண்ணிமைக்கிற நேரத்தில் அணைகிற வகை. கோரின் என் பக்கத்திலேயே இருந்தாள். ஆனால் பிளக் மாட்டியிருந்தால் வண்டிக்கு ஐந்தடிக்குள் வரமாட்டாள். வேலை முடிந்த அன்று மின்சாரம் கொடுத்து, அளந்து பார்த்து, புறங்கையால் தகட்டைத் தொட்டுக் காட்டினேன். வில்மாவும் தொட்டாள். கோரின் வீட்டுக்குள் போய்விட்டாள்.

நாலு நாள் கழித்து, வில்மா சர்ச்சுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், என் மாடி ஜன்னலிலிருந்து கோரினைப் பார்த்தேன். இரவு மழை பெய்து புல் நனைந்திருந்தது. வண்டிக்குள் விளக்கு எரிந்தது; அதற்கு முன்னால் கையை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக வெகுநேரம் நின்றாள். போய்ப் பக்கத்தில் நிற்கலாமா என்று நினைத்தேன், போகவில்லை. கடைசியில் ஒரு விரல் வைத்தாள். பிறகு உள்ளங்கை. வைத்த கையை எடுக்காமல், தலையைக் குனிந்து, தோள் குலுங்க அழுதாள்.

செப்டம்பரில் கோரின் அந்த வண்டியை இழுத்துக்கொண்டு தெற்கே கிளம்பினாள். வில்மாவும் போனாள்.