பன்னிரண்டுக்குள் இருபது

ஸ்டேஷன் ரைட்டர் துளசிங்கம் சாப்பாட்டு மேசையில் கார்பன் தாளை வைத்து '.12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று' என்று எழுதிக்கொண்டிருந்தபோதே தபீதாள் குறுக்கே விரலை வைத்துவிட்டாள்.

"சார், பன்னெண்டுக்கு முன்னாடி புள்ளி வராது. அடிச்சிடுங்க."

துளசிங்கம் அவளைப் பார்த்தார், பிறகு கூடத்தைப் பார்த்தார். அங்கே அவளுடைய அப்பா வேதசிரோமணி பெட்டிக்குள் கிடந்தார். விடியற்காலையில் போன உயிர். நாலு மணிக்கு அடக்கம். லைசென்ஸ்காரர் செத்த வீட்டில் துப்பாக்கி ஒரு நாள்கூட இருக்கக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஐசக் சித்தப்பா போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடி, அதை எழுதி வாங்கிக்கொள்ள இவரை அழைத்து வந்திருந்தார். சித்தப்பாவுக்கு எதற்குத்தான் பயமில்லை. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே பரிசோதகரைக் கண்டு நடுங்குகிற மனுஷர்.

"ஒரு புள்ளிக்கு இன்னாமா இவ்ளோ பேஜாரு? பேப்பர்லயே அப்படித்தான் போட்டுகினு கீறாங்க."

"புள்ளி வச்சா அது அங்குலக் கணக்கு சார். பாயிண்ட் டூ டூ, பாயிண்ட் த்ரீ நாட் த்ரீ எல்லாம் அங்குலம். போர்னா குழலோட ஓட்டை. பாயிண்ட் ட்வெல்வ்னா அது மூணு மில்லிமீட்டர்தான். கொசு சுடலாம்."

துளசிங்கம் சிரித்தே விட்டார். இழவு வீடு என்பது நினைவுக்கு வந்ததும் மீசையைத் தடவிக்கொண்டார். "அப்ப வெறும் பன்னெண்டுன்னா?"

"ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னெண்டு சமமான குண்டா உருட்டினா, ஒரு குண்டு இந்தக் குழலுக்குச் சரியா இருக்கும். இருபது போர்னா இருபது குண்டு. அதான் நம்பர் ஏற ஏற ஓட்டை சின்னதாகும்."

"எங்க ரைபிள்ல ஏழு புள்ளி ஆறு ரெண்டுன்னு போட்டு, பெருக்கல் குறி வச்சு ஐம்பத்தொண்ணுன்னு கீதே?"

"முதல் நம்பர் குழலோட அளவு, மில்லிமீட்டர்ல. பெருக்கலுக்கு அப்புறம் வர்றது தோட்டாக் கூட்டோட நீளம்."

ரைட்டருக்கு ருசி பிடித்துவிட்டது. புள்ளியை அடித்துத் திருத்தி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டார். "டீச்சர் வேலைன்னாங்க. இதெல்லாம் எப்படிமா தெரியும்?"

எப்படித் தெரியாமல் போகும்? மவுண்ட் ரோட்டில் இருந்த துப்பாக்கிக் கடை ஒன்றில் அப்பா முப்பது வருஷம் குப்பை கொட்டினார். தோட்டாப் பெட்டிகளுக்கு லேபிள் எழுதும் வேலையை வீட்டுக்கே கொண்டு வருவார். பதினோரு வயதில், அவருக்கு உதவுகிறேன் பேர்வழி என்று தபீதாள் ஒரு லேபிளில் '.12' என்று எழுதினாள். விழுந்தது அறை. காதில் ரத்தம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் அப்பா அவள்மேல் கை வைத்ததே இல்லை. அந்த ஒரு அறைக்குக் காரணம் மட்டும் அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் சாப்பாடு ஆச்சா, மருந்து ஆச்சா என்பதற்கு மேல் பேச்சில்லை. காலையிலிருந்து அவளுக்கு அழுகையும் வரவில்லை. எதற்காக அடித்தார் என்று இனிமேல் யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் மனசைக் குடைந்துகொண்டிருந்தது.

"இருபது அதுக்குள்ள வழுக்கிக்கினு பூடும், சார்."

குரல் வாசல் பக்கத்து வாடகை நாற்காலியிலிருந்து வந்தது. பதினோரு மணியிலிருந்து அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர். அவரைச் சபைக்காரர் என்று சித்தப்பா நினைத்திருந்தார். சொந்தக்காரர் என்று சபைக்காரர்கள் நினைத்திருந்தார்கள். வேட்டி, தோளில் துண்டு, துண்டுக்குள் வலது கை.

"இருபது போர் தோட்டாவ பன்னெண்டுல போட்டா உள்ள போய் குழல்ல சிக்கிக்கும். பார்த்தா காலியா கீற மாதிரியே இருக்கும். நாம தோட்டா போட மறந்துட்டோம்னு நெனச்சு, பின்னாடி ஒரு பன்னெண்ட போட்டு சுட்டா..." அவர் துண்டை எடுத்தார். வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் இருந்தன.

தபீதாள் எழுந்து அவரிடம் போனாள். "நீங்க யாரு?"

"அரிகிருஷ்ணன். ஊரப்பாக்கத்துல நிலம் கீது. அறுபத்தொம்போதுல வேர்க்கடலைக் காட்டுல பன்னி தொல்ல. உங்கப்பா கடையிலதான் தோட்டா வாங்கினேன். கை போனதும், அவர்தான் பெட்டியில கலந்து குடுத்துட்டாருன்னு கடை முதலாளிகிட்ட சொன்னேன்."

அறுபத்தொன்பது. அவளுக்குப் பதினோரு வயது. அந்த அறை விழுந்த வருஷம்.

அந்த வருஷம்தான் அப்பாவைக் கவுண்டரிலிருந்து எடுத்துப் பின்கட்டு கோடவுனில் போட்டார்கள். ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பணியில் மூத்தவர் லேபிள் எழுதப் போனது அம்மாவுக்குத் தீராத அவமானம்.

"ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்தாரு. கோயில் முடிஞ்சு நேரா. ரொட்டி, ஆர்லிக்ஸ். 'என் கைதான் கலந்திருக்கும், எப்படின்னு தெரியலியே'ன்னு அழுவாரு." அரிகிருஷ்ணன் மூச்சு வாங்கினார். "அவர் கலக்கலம்மா. எங்க அண்ணன்கிட்ட இருபது போர் ஒண்ணு இருந்துது. ரெண்டும் செவப்பு அட்டைத் தோட்டா. நான்தான் ஒரே பையில அள்ளிப் போட்டுகினு போனேன். உண்மைய சொன்னா லைசென்ஸ் ரெண்டும் போயிடும்னு அண்ணன் சொல்ல வேணாம்னுட்டாரு. அப்புறம்... அப்புறம் சொல்லவே இல்ல."

துளசிங்கம் பேனாவை மூடினார்.

"உடம்பு முடியலன்னு முந்தாநாள்தான் கேள்விப்பட்டேன். இன்னிக்கு சொல்லிடலாம்னு வந்தேன். வாசல்ல ஷாமியானா கட்டிகினு இருந்தாங்க."

தபீதாளுக்கு முதலில் வந்தது கோபம். அந்த இரண்டு விரல்களையும் பிடித்துத் தெருவில் தள்ள வேண்டும் போலிருந்தது. அப்புறம் கோபம் தன் மேலேயே திரும்பியது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஒரே ஒரு தரம், ஏம்ப்பா என்று.

பெட்டி மூட ஆள் வந்துவிட்டான். பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சித்தப்பா, "நேரமாச்சும்மா" என்று அவசரப்படுத்தினார்.

"தாயீ," என்றார் அரிகிருஷ்ணன். "மூடறதுக்கு முன்னாடி அவர் காதுல ஒரு வார்த்த சொல்லிக்கறேன். அப்புறம் என்ன வேணா பண்ணு."

"காதுல வேணாம்," என்றாள் தபீதாள்.

அவர் முகம் சுருங்கியது. போகத்தான் சொல்கிறாள் என்று எண்ணிச் செருப்பைத் தேடினார்.

"காதுல சொன்னா அவருக்கு மட்டுந்தான். எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. எங்கம்மா அங்க இருக்காங்க, அவங்களைப் பார்த்துச் சொல்லுங்க."

அவரைக் கையைப் பிடித்துப் பெட்டியருகே கூட்டிப்போனாள். மூடியைத் தூக்கிக்கொண்டு நின்ற ஆளிடம் அதைக் கீழே வைக்கச் சொன்னாள். சபையார் பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் பெயரையும் ஊரையும் சொல்லி, வருஷத்தைச் சொன்னார். தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த அம்மா ஜெயசீலி விசிறியைக் கீழே வைத்துவிட்டு, நன்றாகக் கேட்பதற்காகக் காதோரத்து முக்காட்டை விலக்கிக்கொண்டாள்.