தள்ளி வந்த ஆஸ்பத்திரி

பெட்டியும் கையுமாக மாடிப்படி ஏறி வந்த லேப்காரரைப் பார்த்ததும் பட்டாசுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காலையிலிருந்து தெருக்காரர்கள் சங்கத்து அறையை இரண்டு தடவை பெருக்கியாகிவிட்டது. மறுபடியும் துடைப்பத்தைத் தேடினாள். இருக்காதா பின்னே? லாரிப் பட்டறைத் தெருவிலேயே, தன் ஆட்கள் நடுவிலேயே எச்.ஐ.வி. பரிசோதனை நடக்க வேண்டும் என்று சுகாதார அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவள் அவள். தானும் எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறவள்தான். அதை யாரிடமும் ஒளித்ததில்லை. அவள் வாய்க்குப் பயந்து தெரு வைத்த பெயர்தான் பட்டாசு.

சந்தோஷத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது படிக்கட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. அவளுடைய தம்பி, லாரி ஓட்டுகிறவன். மனைவி உண்டாகியிருக்கிறாள் என்று போன வாரம் தெரிந்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வெளியூர் ஓட்டத்தில் எங்கே தங்கினான், யாரோடு தங்கினான் என்றெல்லாம் அக்கா கேட்கவில்லை. "ரத்தத்தைப் பாத்துடுடா. இருந்தா மாத்திரை இருக்கு. பிள்ளைக்கு வராம பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு வர முடியாது என்று அவன் ஒரே பிடியாக நின்றான். நியாயம்தானே! அங்கே சீட்டு எழுதுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பது அவன் மனைவியின் சித்தப்பா. எந்தப் பெயரையும் தெருமுனை வரை கேட்கிற மாதிரி கூப்பிடுகிற மகராசன். சாயங்காலம் தம்பி லோடு ஏற்றிக் கிளம்பிவிட்டால் திரும்பி வர மாசக்கணக்காகும். அதற்குள் பார்த்தாக வேண்டும்.

லேப்காரர் பெட்டியை மேசையில் வைத்தார். வைத்தவர் திறக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்கக்கா. இப்பத்தான் ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு. நான் இங்க வர அனுமதி இருக்கு. ஆனா ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான இடத்துலதான் டெஸ்ட் கிட்டைப் பிரிக்கணுமாம்."

"அப்ப எதுக்கு வந்தீங்க? எங்க ரூம் எப்படி இருக்குன்னு பாக்கவா?"

"வர்றதுக்குத்தானே அனுமதி குடுத்திருக்காங்க..."

பட்டாசு தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை காலம் அலைந்தவள் செய்கிற தப்பா இது? ஆள் வருவாரா, ஆள் வருவாரா என்று அதையே பிடித்துத் தொங்கியவள், வந்தவர் எங்கே உட்கார்ந்து ஊசி குத்துவார் என்று கேட்கவே இல்லை. ஆளுக்கு வாங்கிய அனுமதியை அறைக்கு வாங்கவில்லை!

படிக்கட்டில் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவத் தொடங்கினார்கள். தம்பி செருப்பை மாட்டினான்.

"ஒருத்தரும் நகரக் கூடாது!" என்று போட்டாள் ஒரு சத்தம். "சார், ஆஸ்பத்திரி இடம்னா எது எது?"

"கட்டடம்... லேப்... அப்புறம் ஊர் ஊராப் போய் டெஸ்ட் எடுக்கிற அந்த வேனு. ஆனா அது கிளம்பாதுக்கா. டீசலுக்கு உத்தரவு வரலைன்னு பின்வாசல்லயே நிக்குது."

பட்டாசின் கண் பளிச்சென்றது. அடுத்த நொடி ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"வேனை ஓட்ட நான் உத்தரவு குடுக்க முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா.

"ஓட்ட மாட்டோம் மேடம். தள்ளிக்கிட்டு வர்றோம்."

அந்தப் பக்கம் புஸ்புஸ்ஸென்று மூச்சுச் சத்தம். கோபமோ என்று பயந்தாள். பார்த்தால், அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார்!

"தள்ளக் கூடாதுன்னு எங்கயும் எழுதலை. எங்க டிரைவர் ஸ்டீயரிங்ல உக்காரட்டும். பத்திரம். நான் பொறுப்பு."

தெருவே திமுதிமுவென்று கிளம்பியது. கிரீஸ் கையோடு பட்டறை ஆட்கள், வாடகைக்கார் ஓட்டுகிறவர்கள், பகலில் தலைகாட்டாத பெண்கள் இரண்டு பேர். தம்பி மட்டும் பின்வாங்கினான்.

"அங்க மாமா இருப்பாருக்கா."

"வண்டி தள்ளுறவனை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கடா. ஏறுறவனைத்தான் கேப்பாங்க. ஏறுறது நம்ம தெருவுல. வா!"

வேன் தூசியில் மூழ்கிக் கிடந்தது. டிரைவர் ஓடிவந்து இருக்கையைத் தட்டிவிட்டு, மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ம், ஒண்ணாத் தள்ளு!" வண்டி முனகியது, அசைந்தது. "நகருது, நகருது!" என்று பட்டாசு கத்திய கத்தலில் ஜன்னல்கள் திறந்தன. அந்த நேரம் பார்த்தா சீட்டு எழுதுகிற சித்தப்பா வெளியே வர வேண்டும்!

"மாப்ளே! நீங்க எங்க இந்தப் பக்கம்?"

தம்பிக்கு வேர்த்து ஊற்றியது. "வண்டி தள்ளுறேன் மாமா."

"அட, நல்ல காரியமாச்சே! தள்ளுங்க, தள்ளுங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் தோள் கொடுத்தார். வாசல் தாண்டும் வரை தள்ளிவிட்டு, மூச்சு வாங்க, மாப்பிள்ளையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிப் போனார். பட்டாசு சிரிப்பை அடக்கப் பட்ட பாடு சொல்லி முடியாது.

அப்புறம் என்ன, ஊர்வலம்தான்! டிரைவர் கையை ஹாரனிலிருந்து எடுக்கவே இல்லை. பட்டறைத் தெருவுக்குள் வேன் நுழைந்தபோது கைதட்டல் கிளம்பியது. இத்தனை வருஷ அலைச்சலும் தன் கண்ணெதிரே நான்கு சக்கரத்தில் உருண்டு வருவதைப் பார்த்துப் பட்டாசுக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷ அழுகை, யார் பார்த்தால் என்ன?

தம்பிதான் முதலில் ஏறினான். ஏறினவன் திரும்பி, "நீயும் வாக்கா" என்றான்.

லேப்காரர் விரலில் குத்தினார். ஒரு கிட், பிறகு இன்னொன்று, உறுதி செய்ய மூன்றாவது. மூன்றும் ஒரே பதிலைச் சொல்லின. லேப்காரர் குரலைத் தாழ்த்தி, "இருக்குது தம்பி" என்றார்.

பட்டாசு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்க பாருடா. எனக்கும் இதேதான். இத்தனை வருஷமா உன்னைத் திட்டிக்கிட்டு குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்ல? நாளையிலேருந்து நீயும் மாத்திரை போடு. அவளுக்கும் சீக்கிரம் பாக்கணும். பிள்ளை நல்லபடியாப் பொறக்கும். சத்தியமாச் சொல்றேன்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, லாரி முதலாளிக்குப் போன் போட்டு, இன்று லோடு எடுக்க முடியாது என்றான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க வேனிலிருந்து இறங்கினான்.

"நானே போய்ச் சொல்லி அவளைக் கூட்டிட்டு வர்றேன்கா. அதுவரைக்கும் வண்டியை யாரும் எடுத்துட்டுப் போகக் கூடாது."

"எவன் எடுத்துடுவான், நான் இருக்கிறப்ப?"

அவன் வீட்டைப் பார்த்து ஓடினான். பட்டாசு கீழே குதித்து, பட்டறை வாசலில் கிடந்ததிலேயே பெரிய கல்லாகப் பார்த்து உருட்டி வந்து, பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள்.