உள்ளங்கைக்கு ஒரு விசைப்பலகை

1

வேறு பொருள் வாங்கப் போன கடையில் கிடைத்த கதை இது. என் மடிக்கணினியில் 'ர' விழாமல் போயிருந்தது. அந்த எழுத்து வராத சொற்களாகப் பொறுக்கிக் கொஞ்சம் எழுதிப் பார்த்தேன். 'யார்' இல்லை, 'வந்தார்' இல்லை. பக்கம் நிறைந்தும் கதைக்குள் ஓர் ஆள்கூட வரவில்லை.

மேல்மாடியில் குடியிருக்கும் மான்-சிங்கைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கணினிச் சாமான்கள் விற்கும் குவாங்ஹுவா சந்தைக்குப் போனேன். தட்டச்சுதான் அவள் பிழைப்பு.

"வாங்குறதுனா மெக்கானிக்கல் கீபோர்டா வாங்குங்க அக்கா. ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில தனித்தனியா ஒரு சுவிட்ச், ஒரு ஸ்பிரிங். ஒன்னு போச்சுன்னா அத மட்டும் புடுங்கிட்டு வேற போட்டுக்கலாம்."

கடைக்காரர் டூ அவளைப் பார்த்ததும் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இன்னைக்குக் கை அக்கா வரலையா?"

"அவங்க ஆபீஸ்ல இருக்காங்க அண்ணே."

"யாரு அது கை அக்கா?" என்று கேட்டேன்.

"அவங்கள கேட்டுட்டுச் சொல்றேன்," என்றாள் மான்-சிங். உடனே கைபேசியில் செய்தி அனுப்பினாள். வேலை முடிந்ததும் வருவதாகப் பதில் வந்தது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

[தைப்பேயின் மழைக்காலக் காலையொன்றில், கண்ணாடிச் சுவர்களுக்கு அப்பால் குடைகள்]

வேண்டாம். மழையில் தொடங்கிய என் கதைகள் எல்லாம் பாதியில் சளி பிடித்துப் படுத்துவிட்டன.

இரண்டாவது:

[நீலம் என்றால் ஓசை. சிவப்பு என்றால் அமைதி. பழுப்பு என்றால்]

பழுப்பு என்றால் என்ன என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கை அக்காவுக்காகக் காத்திருந்த நேரத்தில் டூ சுவிட்ச் வகைகளை வரிசையாகத் தட்டில் வைத்து நீட்டினார். நிறத்தை வைத்துத்தான் பெயர். நீலத்தை அழுத்தினால் பேனா மூடியைத் திறந்ததுபோல் 'டிக்'. சிவப்பு, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் சத்தமில்லாமல் இறங்கியது. பழுப்பில் பாதி வழியில் ஒரு சின்ன மேடு விரலுக்குத் தட்டுப்பட்டது. ஒவ்வொன்றும், அடுத்ததை அழுத்தும்வரை, இதுதான் என்று தோன்றியது. கடையை மறந்து அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"எதுக்கு வேணும்?" என்றார் டூ.

"கதை எழுத."

"சோகக் கதையா, சிரிப்புக் கதையா?"

"தெரியலையே."

"அப்ப பழுப்பு எடுத்துக்கங்க. எதுலயும் முடிவு பண்ண முடியாதவங்களுக்குன்னே செஞ்சது அது."

3

மான்-சிங்கின் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கூட்டம் நடக்கும் அறையில் காது கேளாத ஒருவர் இருந்தால் இவள் அவர் பக்கத்தில் உட்கார்வாள். யார் என்ன பேசினாலும் பேசப் பேச அடிப்பாள். எழுத்துகள் திரையில் ஓடும். இருமலைக்கூட 'இருமல்' என்று அடிக்க வேண்டும். வாயைத் திறந்து எதுவும் சொல்லக் கூடாது.

டூ சொன்ன கை அக்காவின் பெயர் ருய்-யுன்; வேலை முடிந்து வந்ததும் சந்தைக்குப் பக்கத்து இனிப்புக் கடையில் எங்களோடு உட்கார்ந்தார். மிதிவண்டி விளக்குகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வடிவமைப்பாளர். சிறுவயதில் காய்ச்சலில் காது போனது. பேசுவார், எதிரில் இருப்பவர் மெதுவாகப் பேசினால் உதட்டைப் படிப்பார். (என் உதட்டை மட்டும் அவரால் படிக்க முடியவில்லை. இந்த ஊரில் இத்தனை காலம் இருந்தும் என் சீனம் தமிழ் வாயில்தான் வருகிறது. நான் கேட்டதையெல்லாம் மான்-சிங் கைபேசியில் அடித்துக் காட்டினாள்.)

அந்த நிறுவனத்தின் வாராந்தரக் கூட்டங்களுக்கு மான்-சிங் போய்வந்தாள். அவளிடம் இருந்தது நீல சுவிட்ச் பலகை. அடிக்கும்போது தன் விரல்களைத் தானே கேட்பது அவளுக்குப் பிடிக்கும். ஆனால் மேலாளர் ஃபாங்கிற்குப் பிடிக்கவில்லை.

"ஏம்மா, தகரக் கூரையில ஆலங்கட்டி விழுற மாதிரி இருக்கு. கொஞ்சம் சத்தம் வராததா எதாச்சும் கொண்டு வரக் கூடாதா?"

[ஃபாங் இங்கே கோணலாகச் சிரிக்கிறார்]

இல்லை, அவர் சிரிக்கவில்லை. நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டிருந்தாராம். ஃபாங்கை வில்லனாக்கியிருந்தால் எனக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் காது கேளாதவரை வேலைக்கு எதற்கு எடுக்கிறாய் என்று மேலே இருப்பவர்கள் கேட்டபோது, ருய்-யுன்னுக்காக வாதாடியவரே அவர்தானாம். இவரை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் கதைக்குள் நிறுத்தியே வைத்திருக்கிறேன்.

மான்-சிங்கை அனுப்பிய நிறுவனமும் சத்தத்தைக் குறைக்கச் சொன்னது. அவள் டூவிடம் போய் ஓசையடக்கிய சுவிட்ச் போட்ட பலகை வாங்கினாள். உள்ளே பஞ்சுப் பட்டை, அடியில் தடித்த ரப்பர். அடித்தால் பூனை நடந்த மாதிரி இருந்தது. அதுவும் அவளுக்குப் பிடித்துப்போனது.

4

அடுத்த கூட்டத்தில் ருய்-யுன் தன் புதிய விளக்கைக் காட்டினார். எதிரே வருகிறவரின் கண் கூசாமல் சாலையை மட்டும் காட்டும் விளக்கு. பல மாத வேலை. விளக்கைக் கழற்றி உள்ளே இருக்கும் சிறு கண்ணாடியைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். குனிந்த தலை.

இயக்குநர் குறுக்கிட்டு, கண்ணாடி ஈரத்தில் மங்காதா என்று கேட்டார். மான்-சிங் அடித்தாள். திரையில் கேள்வி வந்தது. ருய்-யுன் நிமிரவில்லை. இயக்குநர் இன்னொரு முறை கேட்டார். மான்-சிங் அதையும் அடித்தாள். ருய்-யுன் பேசிக்கொண்டே போனார். அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் ருய்-யுன் நிமிர்ந்து திரையைப் பார்த்தபோது, அங்கிருந்த இன்னொரு வடிவமைப்பாளர் பக்கம் கை காட்டி இயக்குநர் சொன்ன வரி அதில் இருந்தது: 'இத ஹாவ்-வே எடுத்துப் பண்ணட்டும். இந்தம்மாவுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.'

அடித்தது மான்-சிங்தான்.

(இந்த இடத்தில் அவள் விரல்கள் நடுங்கின என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது, "நடுங்கல அக்கா. அதான் எனக்குப் புரியல. சுவிட்ச் அவ்ளோ சொகமா எறங்குச்சு," என்றாள்.)

5

வெளியே வராந்தாவில் ருய்-யுன் கேட்டார்: "ஏன் நிறுத்திட்டே?"

"நிறுத்தலையே அக்கா. எல்லாத்தையும் அடிச்சேனே."

"மேசை சும்மா இருந்துச்சே."

மான்-சிங்கிற்கு விளங்கவில்லை. ருய்-யுன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நீலப் பலகையின் ஒவ்வொரு தட்டும் மேசை வழியாக அந்தக் கைக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. மேசை அதிர்ந்தால் யாரோ பேசுகிறார்கள், திரையைப் பார்க்க வேண்டும். அதிராவிட்டால் தன் வேலையைப் பார்க்கலாம்.

"இத்தன நாள்ல ஒரு வார்த்த சொல்லலையே நீங்க."

"எல்லாரும் அப்படித்தான் தெரிஞ்சுக்கிறாங்கன்னு நெனச்சேன். உனக்குக் காது இருக்குறதே அப்பப்ப மறந்துபோகுதுடி."

6

இனி கடையில் நடந்த காட்சி. இதை எழுதும்போது என் விரல்கள் தாமாக வேகம் பிடித்தன. பழுப்பு சுவிட்சில்தான் எழுதுகிறேன், டூ சொன்னபடியே.

இரண்டு பேரும் டூவின் கடைக்குப் போனார்கள். ருய்-யுன் கண்ணை மூடி உள்ளங்கையைக் கல்லாமேசையில் வைத்தார். மான்-சிங் ஒவ்வொரு பலகையாக அடித்துவிட்டு, கேள்வியாக அவர் தோளைத் தொட்டாள்.

"இது?"

"எறும்பு ஊருது."

"இது?"

"உடம்பு முடியாதவன் நாடி மாதிரி."

டூ தலையைச் சொறிந்தார். "காதுக்கு வேணாம், கைக்கு மட்டும் வேணும். எங்கிட்ட வர்றவன் எல்லாம் அதிராததா குடுன்னுதான் கேப்பான். அதிர வைக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான்."

அவர் ஒரு கனமான அலுமினியப் பலகையை எடுத்து உள்ளிருந்த பஞ்சை உருவினார். அடி ரப்பரைப் பிய்த்தார். கெட்டியான ஸ்பிரிங்குகளை மாற்றிப் போட்டார். மான்-சிங் அடித்தாள். 'டிக்' இல்லை. தாழ்ந்த குரலில் 'தொம்' என்றது.

ருய்-யுன் கண்ணைத் திறந்தார். "இது கேக்குது."

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் மான்-சிங் கூடவே கொண்டுவந்திருந்த பழைய நீலப் பலகையை ருய்-யுன் இழுத்து மேசைமேல் வைத்தார். "இது இன்னும் நல்லா கேக்குது. இதையே கொண்டு வா."

"ஃபாங் சாருக்குத் தலவலி வரும் அக்கா. என்னையும் மாத்திருவாங்க."

"அவருக்குத் தலவலி வந்தா மாத்திர இருக்கு. நான் எதப் போட்டுக்க?"

"என் எடத்துக்கு வர்றவ இதவிடச் சத்தமில்லாம அடிப்பா. அப்ப என்ன பண்ணுவீங்க?"

இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகப் பட்டது. அதனால் என்னால் எதையும் எழுத முடியவில்லை. டூதான், "கடைய அடைக்கணும்மா, எதையாவது எடுத்துட்டுப் போங்க," என்றாராம்.

7

மூன்று முடிவுகள் எழுதினேன்.

[நீலப் பலகை அறையில் ஒலிக்கிறது. ஃபாங் எழுந்து போகிறார். யாரும் அவரைத் தடுக்க] — வீரமாக இருக்கிறது. மான்-சிங்கிற்கு வேலை போகிறது.

['தொம்' பலகை. ஒருவருக்கும் தொந்தரவு இல்லை. விளக்கு ஹாவ்-வேயிடமே] — எல்லோரும் நன்றாக நடந்துகொள்கிறார்கள். எனக்குத்தான் எரிச்சலாக இருக்கிறது.

[ஹாவ்-வே தானாகவே விளக்கைத் திருப்பிக்] — இல்லை. அவனை எனக்குத் தெரியவே தெரியாது. நல்லவனாக்க எனக்கு என்ன உரிமை?

நடந்ததை இவ்வளவுதான் சொன்னார்கள். எந்தப் பலகை என்பதைக்கூடச் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் ருய்-யுன் விளக்கை மேசை நடுவில் வைத்து, ஒரு தம்ளர் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினார். ஹாவ்-வேயின் காகிதங்கள் நனைந்தன. விளக்கு மங்கவில்லை. "போன வாரம் நீங்க கேட்ட கேள்விக்குப் பதில். அன்னைக்கு நீங்க கேட்டது எனக்கு வந்து சேரல. விளக்க என்கிட்டயே குடுங்க," என்றார். பிறகு உள்ளங்கையை மேசையில் வைத்துக்கொண்டு இயக்குநரைப் பார்த்தார்.

"அவர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

மான்-சிங் உதட்டைப் பூட்டுவதுபோல் காட்டினாள். கூட்டத்தில் அடித்ததை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ருய்-யுன்னைப் பார்த்தேன். என் கேள்வியை மான்-சிங் அடித்துக் காட்ட, அவர் படித்துவிட்டு, டௌஹுவா என்ற சோயா இனிப்புக் கிண்ணத்திலிருந்த கடைசிக் கடலையைத் தேடிப் பிடித்துத் தின்றார்.

"கத எழுதுறவங்க நீங்கதானே. நீங்களே அடிச்சுக்கங்க."

பழுப்பு சுவிட்சின் பாதி வழி மேட்டில் என் விரல் நின்றிருக்கிறது. அதைத் தாண்டி அழுத்த என்னால் முடியவில்லை. உங்களால் முடிந்தால், அறை இதுதான்: மேசை நனைந்திருக்கிறது. ஃபாங் கைக்குட்டையால் துடைக்கப் பாதி எழுந்திருக்கிறார். இயக்குநர் வாயைத் திறக்கிறார். ருய்-யுன் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், திரும்பவில்லை. உள்ளங்கைக்குக் கீழே மேசை அதிரத் தொடங்குகிறது. இப்போது அவர் திரையைப் பார்க்கத் திரும்புகிறார். அதில்