ஒரு டீம், இரண்டு விசில்

இரண்டு விசில்கள் ஒரே நேரத்தில் அலறின. பந்தோடு பாய்ந்துகொண்டிருந்த ரோஸ்மேரி சட்டென்று நின்றாள். பின்னால் ஓடிவந்தவள் அவள் முதுகில் மோதி விழுந்தாள்.

"ஆளுக்கு ஆள் பிடிங்கன்னு சொன்னேன்ல!" கோர்ட்டின் இந்தப் பக்கம் நின்று கத்தினார் செந்தில்வேல்.

"யாரும் ஆளைத் துரத்தாதீங்க! அவங்கவங்க இடத்தைக் காத்தாப் போதும்!" அந்தப் பக்கமிருந்து அந்தோணிராஜ்.

இருவருமே புதுசு. 'நீங்கதான் தலைமைக் கோச்' என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வரவழைத்திருந்தார், கூடைப்பந்து கிளப்பின் தலைவர் ஆத்தப்பன். பனியன் கம்பெனி முதலாளி. அவர் கம்பெனிக்குப் பின்னால்தான் கோர்ட்.

தொடர்ந்து மூன்று மேட்ச் தோற்றதும் பழைய கோச் ராக்கையாவை ஊசி உடைந்த மெஷினைப்போல் ஓரங்கட்டியாயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை உடுமலைப்பேட்டையில் கடைசி மேட்ச். மாநில மகளிர் அணிக்கு ஆள் எடுப்பவர்கள் பார்க்க வருகிறார்கள். கேப்டன் ரோஸ்மேரிக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. இந்த வருடமும் தவறினால் பந்தை மூலையில் போட்டுவிட்டு முழுநேரமும் வேலைக்குப் போ என்று வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

வியர்வையைக்கூடத் துடைக்காமல் ஆபீசுக்குள் நுழைந்தாள். ஆத்தப்பனின் மேசையில் அன்று வந்த புது ஜெர்சிகள் குவிந்து கிடந்தன. மேலே அவளுடைய ஏழாம் நம்பர். அதற்கடியிலும் ஒரு ஏழு. பிரிண்டிங்காரர்கள் தப்பாக அடித்துவிட்டார்கள்போல. அதையெல்லாம் பேச இதுவா நேரம்?

"ஐயா, ரெண்டு கோச்சை வச்சுக்கிட்டு எப்படிய்யா விளையாட? யாராவது ஒருத்தரைச் சொல்லுங்க. யாரா இருந்தாலும் சரி."

"உக்காரு கண்ணு." டீயை ஊதிக் குடித்தார் ஆத்தப்பன். "நானும் இத்தனை வருசமா எக்ஸ்போர்ட் பண்றேன். ஒரு ஆர்டரை ஒரே யூனிட்டை நம்பிக் குடுத்ததே இல்லை. ஒருத்தன் கவுத்துட்டா இன்னொருத்தன் சரக்கு கப்பலேறிரும்."

"இது பனியன் இல்லையே ஐயா. அஞ்சு பேரும் ஒரே மாதிரி ஓடணும்லா?"

"அதையும் கமிட்டில முடிவு பண்ணிட்டோம். மொதப் பாதி செந்தில்வேலு, ரெண்டாம் பாதி அந்தோணிராஜ். ஷிப்ட் கணக்கு."

"அப்போ மொத ஷிப்ட் தைச்சதை ரெண்டாவது ஷிப்ட் பிரிச்சுப் போடும்."

"வாயி மட்டும் நல்லா இருக்குது உனக்கு!" குலுங்கிச் சிரித்தார்.

"கமிட்டில ஒருத்தர்கூட இது சரியான்னு கேக்கலையா?"

"கேக்காம? மூணாவதா ஒரு கோச்சையும் சொல்லி வெச்சுக்கலாமான்னு கேட்டாங்களே."

ரோஸ்மேரிக்குத் தலை சூடேறியது. சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. கையிலிருந்த கடைசி அஸ்திரத்தை எடுத்தாள்.

"ஒரே கோச்சுன்னு இன்னைக்கே சொல்லுங்க. இல்லைன்னா ஞாயித்துக்கிழமை நான் எறங்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். கேப்டன் இல்லாமல் என்ன செய்வார்? பதறுவார். இறங்கி வருவார்.

ஆத்தப்பன் பதறவில்லை. குவியலிலிருந்து இரண்டாவது ஏழாம் நம்பர் ஜெர்சியை உருவி, உதறி, பொறுமையாக மடித்தார்.

"அதுக்கென்ன கண்ணு, உன்ற இடத்துக்கும் பொள்ளாச்சியில ஒரு புள்ளையச் சொல்லி வெச்சிருக்கறேன்."