புதுசு முன்னாடி, பழசு பின்னாடி

சுரங்கத்தில் மண் ஏற்றும் டம்பர் லாரிகளுக்கு மெக்கானிக்காக இருபத்தெட்டு வருஷம் ஓட்டிவிட்டேன். தனகோட்டி என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'காதுக்காரர்' என்று கேட்டால் கேன்டீனில் டீ ஊற்றுகிறவர்கூட வழி சொல்வார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தேன் என்றால் எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். கம்பெனிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு வரும் புது இன்ஜினியர்களிடம், "புத்தகத்த மூடி வைங்க சார், வண்டியே பேசுது" என்பேன். சிரிப்பார்கள், ஆனால் மூடிவிடுவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்கிறேனா என்றால், ஆமாம், பெருமைக்குத்தான்.

அதனால் என் மகள் இசைப்பிரியா கார் வாங்க நினைத்ததும் என்னைத் தவிர வேறு யாரையும் கேட்கவில்லை. அவள் கல்வராயன் மலையில் அரசு டாக்டர். மாப்பிள்ளைக்கும் அங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலை. போன மழைக்காலத்தில் ஒரு பிரசவத்துக்குப் போகும்போது அவளுடைய சின்னக் கார் சேற்றில் புதைந்துவிட்டது. இரண்டு மணி நேரம் நடந்தே போய்ச் சேர்ந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தது அவர்கள் செய்த புண்ணியம். இன்னொரு முறை அப்படி நடக்கக் கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். டீசல் வண்டி, நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், குழந்தையை வைத்துக்கொண்டு குடும்பமாகவும் போக வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

"நீ பாத்து சரின்னு சொல்லு. நான் கண்ண மூடிகினு மலை ஏறிடுவேன்" என்றாள்.

வண்டி பக்கத்து ஊரான வடக்குத்தில் இருந்தது. ரிட்டையர் ஆகி அங்கே சொந்த வீடு கட்டிக்கொண்ட பரமசிவம் சார் விற்கிறார். சுரங்கத்தின் திட்டப் பிரிவில் இருந்தவர், அமைதியான மனிதர். எனக்கு அவரோடு பழக்கமில்லை, அவருக்கும் என்னைத் தெரியாது. நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தேன். சூடான இன்ஜின் நோயை மறைக்கும்.

காரும் இல்லாமல் ஜீப்பும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் ஒரு உருவம். ஐந்து வயது. பானட்டில் கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் ஒரே மூச்சில் எழுந்தது. கறுப்புப் புகை இல்லை, வெள்ளைப் புகையும் இல்லை. ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தேன். நான்கு சிலிண்டரும் ஒழுங்காக வேலை செய்தன. பிறகு சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன்.

"அது எதுக்குப்பா?"

"போன வருஷ வெள்ளத்துல முழுகின வண்டின்னா, பெல்ட்டுக்கு அடியில சேத்துக் கோடு இருக்கும். எல்லாத்தையும் கழுவுவான், இத மறந்துடுவான்."

கோடு இல்லை. மகள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு ஒரு இன்ச் உயரம் கூடிவிட்டது.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது சார். சேத்துல ஏத்திப் பாக்கணும்" என்றேன்.

ஊருக்கு வெளியே பழைய சுரங்க மண்மேட்டுக்குப் போகும் செம்மண் சரிவு. முதல் நாள் மழையில் ஊறிக் கிடந்தது. மகளை ஓட்டச் சொல்லி, சரிவின் பாதியில் நிறுத்தி, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க வைக்கும் பொத்தானை அழுத்தச் சொன்னேன். நான் கீழே இறங்கி நின்றேன், பரமசிவம் சார் பக்கத்தில்.

"இப்ப எடும்மா!"

முன்சக்கரங்கள் சுழன்று சேற்றை வாரி அடித்தன. பின்சக்கரங்கள் அசையவில்லை, பொங்கலுக்குக் கட்டிப்போட்ட மாடு மாதிரி நின்றன. வண்டிக்கு அடியிலிருந்து கருகிய வாடை வந்தது. பின்சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் கப்ளிங் தீய்ந்துபோயிருக்கிறது. பின்னால் இறக்கச் சொல்லிவிட்டு டயர்களைக் குனிந்து பார்த்தேன். முன்னால் இரண்டிலும் வரிப்பள்ளங்கள் ஆழமாக, அதிகம் தேயாமல் இருந்தன. பின்னால் இரண்டும் தேய்ந்து மொட்டை.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் வந்தது.

"முன்னாடி சக்கரம் பெருசு, பின்னாடி தேஞ்சி சிறுசு. ரெண்டையும் ஒரே ஷாஃப்ட்டுல கட்டி மாசக்கணக்கா ஓட்டினா, கப்ளிங் இழுபட்டே சாகும் சார். எவன் சார் ரெண்டு டயர் மட்டும் மாத்தச் சொன்னது? வண்டின்னா இன்னான்னே தெரியாத பய!"

பரமசிவம் சார் சங்கடத்துடன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் நாலும் மாத்தணும்னுதாங்க போனேன். புத்தகத்துலயே போட்டிருக்குது. டயர் கடைக்காரருதான், மைன்ஸ்ல பெரிய ஆளு ஒருத்தரு இருக்காரு, அவர ஒரு வார்த்த கேட்டுடலாம்னு போன் போட்டாரு. 'ரெண்டு போதும், புதுசு முன்னாடி, பழசு பின்னாடி, நாங்க டம்பருக்கே அப்படித்தான் போடறோம்'னு அவரு சொன்னாராம். புத்தகத்துல வேற மாதிரி இருக்குதேன்னு கேக்கச் சொன்னேன். 'புத்தகத்த மூடி வைக்கச் சொல்லுங்க'ன்னு சிரிச்சாராம். காதுக்காரர்னு சொல்லுவாங்களாம். அவ்ளோ பேர் எடுத்தவரு சொன்னா தப்பா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். எனக்கு அந்த போன் ஞாபகம் வந்தது. முதல் ஷிப்ட் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். என்ன வண்டி என்றுகூட நான் கேட்கவில்லை. டம்பருக்குப் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும், அதற்கு அந்தக் கணக்கு சரி. இதற்கு அது விஷம்.

மகள் வண்டியிலிருந்து இறங்கி வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். என் பக்கம் திரும்பாமல் மண்மேட்டையே பார்த்தாள். 'சரியில்ல, வேற பாக்கலாம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நான் கிளம்பியிருக்கலாம். அவளும் வாயைத் திறந்திருக்க மாட்டாள். ஆனால் அதற்குப் பிறகு நான் எந்த வண்டியைப் பார்த்து சரி என்றாலும், அவள் கண்ணை மூடிக்கொண்டு மலை ஏறுவாளா? எனக்கு வெட்கமாக இருந்தது. சுரங்கத்தில் கால் வைத்த நாளிலிருந்து அப்படி ஒரு வெட்கம் எனக்கு வந்ததில்லை.

"அந்தப் பய நான்தாங்க சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை முழுதாகப் பார்த்தார்.

"நீங்களா?"

"நானேதான். வண்டியப் பாக்காம வாய விட்டுட்டேன். கப்ளிங்கையும் நாலு டயரையும் என் பொறுப்புல மாத்தித் தரேன். இது உங்க தப்பு இல்ல. விலைய ஒரு பைசா குறைக்காதீங்க."

அவர் மெல்லச் சிரித்து, "அப்ப நான் படிச்சது சரிதான்" என்றார். அந்தச் சிரிப்பை நான் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மகள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "அப்ப இந்த வண்டி வேணாமாப்பா?"

இந்த இடத்தில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

"இன்ஜின் நல்லா இருக்குது. வெள்ளத்துல முழுகல. இந்த வண்டியில இருக்கற ஒரே கெட்டது உங்க அப்பன் பண்ணது. அது இன்னான்னு எனக்குத் தெரியும், எடுத்துடுவேன். வாங்கிக்கம்மா."

அவள் கதவைத் திறந்து, டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த பெட்டியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தாள். பிளாஸ்டிக் உறை போட்டு, சார் பத்திரமாக வைத்திருந்தார்.

"நீ சொன்னா போதுமா, இதுலயும் ஒரு தடவ பாத்துடட்டுமா?"

கேலி பாதி, கேள்வி பாதி. நான் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"பாரு. சத்தமாப் படி, நானும் கேக்கறேன்."