கொல்லையைப் பார்த்த வாசல்

நாலுவழிச் சாலைக்காகத் திண்டிவனத்தில் பரிமளாவின் கல்வீட்டை இடித்தபோது அவளுக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை. அவள் புருஷன் சிங்காரம் சென்னைத் துறைமுகத்தில் வெல்டர். கழித்துப்போட்ட கப்பல் கண்டெய்னர் இரண்டை வாங்கிவந்து, மிச்சமிருந்த மனையில் வைத்து, ஜன்னல் வெட்டி, மேலே கீற்று வேய்ந்து வீடாக்கினான். ஊரார் பொட்டி வீடு என்று சிரித்தார்கள். பரிமளாவும் மனசில்லாமல்தான் குடிபோனாள். ஆனால் கீற்றின் நிழலில் வெயில் காலத்திலும் உள்ளே குளுமையாக இருந்தது. மெல்லப் பழகிவிட்டாள்.

சில வருஷத்தில் மேம்பாலத்துக்காக அந்த மனையையும் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் பதறி வந்தாள்.

"மறுபடியும் இடிக்கப் போறாங்களாடி?"

"இடிக்கறதுக்கு இன்னாக்கா இருக்குது? தூக்கிக்கினு போறோம்," என்றாள் பரிமளா.

வீடு இரண்டாகப் பிரிந்து லாரி ஏறி, வல்லத்தில் அவளுடைய அப்பா கொடுத்த மல்லாட்டைக் கொல்லைக்கு, வேர்க்கடலை விளையும் நிலத்துக்கு, போய்ச் சேர்ந்தது. முதல் பெட்டியைக் கிரேனில் தூக்கிக்கொண்டே டிரைவர் கேட்டார்.

"வாசல் எந்தப் பக்கம்மா வெக்கணும்?"

இதுவரை எந்த வீட்டுக்கும் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ரோட்டைப் பார்த்து வைக்கச் சொன்னாள். தள்ளி நின்று பார்த்தாள். பிடிக்கவில்லை.

"கொல்லையப் பாத்தாப்ல திருப்பிடுங்கண்ணா."

வீடு அந்தரத்தில் மெதுவாகத் திரும்பி இறங்கியது. உள்ளே போய் ஜன்னலைத் திறந்தாள். மல்லாட்டைச் செடிகளின் பச்சை வாசனையோடு காற்று வந்தது.

"இன்னொரு தபா திருப்பச் சொல்லட்டுமா?" என்று சிரித்தான் சிங்காரம்.

"போதுங்க. ஜல்தியா அடுப்ப இறக்குங்க, டிரைவர் அண்ணனுக்கு டீ வெக்கணும்."