ஏழாம் நம்பர் கிணறு

பன்னிரண்டு கிணறுகளில் பதினொன்றில் தண்ணீர் ஒழுங்காகக் கீழே போய்க்கொண்டிருந்தது. ஏழாம் நம்பர் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையமாட்டேன் என்று அடம்பிடித்தது. மூன்று வருஷமாக அந்த ஒரு கிணறு டேப்பின் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தது.

டேப்பு என்பது ஆளின் பெயர்தான். நீராதார ஆய்வு இலாகாவின் கள ஆய்வாளர் அவர். தோளில் எஃகு டேப்புச் சுருளை மாட்டிக்கொண்டு திரிகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. டேப்பின் நுனியில் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்து, கிணற்றுச் சுவரில் சிவப்புப் பெயிண்ட் அடித்த இடத்திலிருந்து உள்ளே இறக்க வேண்டும். சுண்ணாம்பு எதுவரை நனைகிறதோ அதைப் பார்த்தால் தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறதென்று தெரிந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு. வருவதற்குப் பத்து நாள் முன்னால் கிணற்றுக்காரர்களுக்கு ஓர் அஞ்சலட்டை போட வேண்டும் என்பது இலாகா விதி. டேப்பு விதியை மீறுகிற ஜாதியில்லை. ஒரு தடவைகூட அட்டை தவறியதில்லை.

ஏழாம் நம்பர் அவருடைய சொந்த அக்கா வீட்டுக் கொல்லையில் இருந்தது. அளந்த மாதிரியும் ஆச்சு, மத்தியானம் வயிறார ஒரு வாய் சாப்பிட்ட மாதிரியும் ஆச்சு என்றுதான் அதைப் பட்டியலில் சேர்த்தார். எட்டாம் நம்பர் அடுத்த வீட்டுத் தையற்காரருடையது. இரண்டுக்கும் நடுவே நாற்பது அடிகூட இருக்காது. ஆனால் ஏழு அசையவில்லை. எட்டோ மற்ற எல்லாக் கிணறுகளையும்விட வேகமாக இறங்கியது. டேப்பை மாற்றிப் பார்த்தார், சுண்ணாம்பை மாற்றிப் பார்த்தார், கண்ணாடியைக்கூட மாற்றிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

கடைசியில் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு காரணம் கண்டுபிடித்தார். இரண்டு கிணறுகளுக்கும் நடுவே பூமிக்கடியில் ஒரு பாறைச் சுவர் ஓடுகிறது, அந்தப் பக்கத்துத் தண்ணீர் இந்தப் பக்கம் வராது. வரைபடத்தோடு பதினாறு பக்கம் எழுதினார். மேலதிகாரி படித்துவிட்டு, "இதுதான்யா ஆராய்ச்சி!" என்றார். மூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து உதிர்ந்த முதல் நல்ல வார்த்தை. டேப்புக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

பாராட்டின் லட்சணம் ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஊருக்கு மேற்கே வரவிருந்த காகித ஆலை மூன்று ஆழ்கிணறு தோண்ட அனுமதி கேட்டிருந்தது. ஊர்க் கிணறுகள் ஏற்கெனவே வற்றுகின்றன, ஆலைக்குக் கொடுத்தால் குடிக்கத் தண்ணீர் இருக்காது என்று எழுதி எழுதி டேப்பின் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். இப்போது மேலதிகாரி அவருடைய பதினாறு பக்கத்தையே எடுத்து மேஜைமேல் போட்டார்.

"ஆலை ஏழாம் நம்பர் பக்கம்தானேய்யா வருது? அந்தப் பக்கம் தண்ணி குறையல. நடுவுல உன் சுவர் வேற இருக்கு. ஊருக்கு என்ன நஷ்டம்?"

"சார், சுவர் என் ஊகம் சார்."

"கையெழுத்து உன்னுதுதானே?"

"என்னுதுதான் சார். ஆனா அந்தப் பக்கம் ஒரே ஒரு கிணறு..."

"திங்கட்கிழமை கூட்டம். சந்தேகமா இருந்தா அதுக்குள்ள இன்னொரு தடவை அளந்துட்டு வா. இல்லன்னா வாயை மூடிட்டு இரு."

அஞ்சலட்டை போட நேரமில்லை. வெள்ளிக்கிழமை காலைப் பேருந்தைப் பிடித்து நேராக அக்கா வீட்டுக் கொல்லைக்குப் போனார். அக்கா வீட்டிலிருந்த போர்வையையெல்லாம் நனைத்துப் போட்டு, வாளி வாளியாக இறைத்து அலசிக்கொண்டிருந்தாள். தம்பியைக் கண்டதும் கையிலிருந்த கயிறு நழுவிவிட்டது.

"என்னடா திடுதிப்புன்னு? கார்டே வரலையே!"

"அவசரம்க்கா. அளந்துட்டு உடனே கிளம்பணும்."

"இன்னிக்கு வேண்டாம்டா. அடுத்த வாரம் அளந்துக்கோ."

டேப்பு சிரித்துக்கொண்டே டேப்பை இறக்கினார். போன தடவை இருபத்திரண்டு அடி. இன்றைக்கு இருபத்தொன்பது. துடைத்து, சுண்ணாம்பு தேய்த்து, மறுபடி இறக்கினார். இருபத்தொன்பது. அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். ஈரம் போய் வெகுநேரமாகியும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கார்டு வந்துட்டா நாங்க இறைக்கமாட்டோம்டா" என்றாள் கடைசியில். "விட்டு வச்சா தண்ணி மேல ஏறி நிக்கும்ல? எங்க தம்பி சர்க்கார் புஸ்தகத்துல எழுதறப்ப எங்க கிணறு மட்டும் குறைஞ்சு நின்னா எனக்கு மானக்கேடு இல்லையா?"

"அதுவரைக்கும் வீட்டுக்குத் தண்ணி?"

"தையற்காரர் வீட்டுல எடுத்துக்குவோம். பாவம், நல்ல மனுஷங்க. ஒரு வார்த்தை சொன்னதில்ல."

டேப்பு துவைக்கிற கல்லில் பொத்தென்று உட்கார்ந்தார். ஏழு ஏன் இறங்கவில்லை, எட்டு ஏன் அப்படி இறங்கியது, எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. பூமிக்கடியில் பாறையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அக்காவும் அவள் குடமும்தான்!

"என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியேக்கா!" என்று கத்தினார். "உன்னாலதான் அந்த ஆலை வரப்போகுது. ஊரே தண்ணிக்கு அலையப்போகுது."

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவளும் லேசுப்பட்டவளில்லை. "எதுக்கு அளக்கறேன்னு என்னிக்காவது சொன்னியாடா? வருவ, குனிவ, எழுதுவ, சாப்பிடுவ, போவ. எவ்வளவுன்னு கேட்டா ஆபீஸ் சமாச்சாரம்னுவ. எனக்கு என்ன கனவா வரும்?"

டேப்புக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் ஆத்திரத்தைக் கூட்டியது.

டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "எத்தனை நாள் இறைக்காம இருப்பீங்க?" என்று கேட்டார்.

"முதல் வருஷம் ஒரு நாள் விட்டாலே தண்ணி, நீ முதல்ல அளந்தப்ப நின்ன கல்லுக்கு வந்துடும். போன வருஷம் மூணு நாள். இப்பல்லாம் அஞ்சு நாள் விடணும்."

டேப்பு நிமிர்ந்தார். ஒன்று, மூன்று, ஐந்து. ஊற்று வருஷத்துக்கு வருஷம் சோர்ந்துகொண்டே வந்திருக்கிறது. மூன்று வருஷத்தில் அந்தக் கிணற்றைப் பற்றி யாரும் எடுத்த ஒரே உண்மையான அளவு அதுதான். எடுத்தது அக்கா. சாப்பிடாமலே பேருந்தைப் பிடித்தார்.

சனிக்கிழமை, ஒன்றையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தார். அக்கா, அஞ்சலட்டை, தையற்காரர் வீட்டுத் தண்ணீர், ஒன்று மூன்று ஐந்து. சுவர் என் தவறு என்று கடைசி வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"உன் சொந்த அக்கா மூணு வருஷமா உன் கண்ணுல மண்ணைத் தூவியிருக்காங்க. உனக்குத் தெரியல. அப்ப மத்த பதினொரு வீட்டுல என்னென்ன நடந்துச்சோ? அதை எப்படிய்யா நான் நம்பறது?"

"அவங்க யாரும் என்னை ஒரு பொருட்டாவே நினைக்கல சார். கார்டைக்கூடப் படிச்சிருக்க மாட்டாங்க."

"அதை ஃபைல்ல எழுத முடியுமா?"

எழுத முடியவில்லை. திங்கட்கிழமை கூட்டத்தில், 'நம்பத்தகுந்த அளவுகள் இல்லாத காரணத்தால் இலாகாவுக்கு ஆட்சேபணை இல்லை' என்று முடிந்தது. பாறை இருந்தாலும் ஆலைக்குத்தான் லாபம், இல்லாவிட்டாலும் ஆலைக்குத்தான் லாபம். பன்னிரண்டு கிணற்று அளவு நோட்டுகளையும் கட்டிப் பரண்மேல் போட்டார்கள். இனி அளக்க வேண்டாம் என்று உத்தரவு வேறு.

ஒன்றரை வருஷம் கழித்து, ஆலை இயந்திரம் இரவுபகலாக உறிஞ்ச ஆரம்பித்த பிறகு, டேப்பு லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனார். தோளில் டேப்பு இருந்தது. கொல்லையில் வாளி கவிழ்ந்து கிடந்தது. கயிறு காய்ந்து விறைத்திருந்தது.

"நாலு நாளா இறைக்கலடா" என்றாள் அக்கா.

அவருக்குப் பழைய ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னும் அதே வேலையாக்கா?"

"உனக்காக இல்லடா. இருந்தாதானே இறைக்க."

டேப்பு சுண்ணாம்பைத் தேய்த்து, சிவப்பு அடையாளத்திலிருந்து இறக்கினார். நுனி கிணற்றின் அடியைத் தொட்டு எஃகு தளரும்வரை விட்டார். அக்கா பக்கத்தில் வந்து அவரோடு குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவுடா?"

இந்தத் தடவை அவர் நோட்டை எடுக்கவில்லை. டேப்பை மேலே இழுத்து, நுனியை அவள் கையில் கொடுத்தார். அக்கா விரலால் தடவிப் பார்த்தாள். காய்ந்த சுண்ணாம்பு வெள்ளைப் பொடியாக அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.